ஒரகடத்து வெயிலில் ஒரு முட்டைப் படம்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் படப்பையைத் தாண்டிவிட்டால் சாலையின் முகமே மாறிவிடும். அரசுப் பேருந்துகள் குறைந்து, முன்கண்ணாடியில் கம்பெனிப் பெயரும் ஷிஃப்ட் நேரமும் ஒட்டிய வெள்ளைப் பேருந்துகள் வரிசை கட்டும். ஒரகடம் கூட்டுரோட்டில் இந்தச் சாலையும் சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையும் குறுக்கிடுகின்றன. காலை ஆறரை மணிக்கு அந்த மேம்பாலத்தின் கீழ் நின்றால், இரவு ஷிஃப்ட் முடிந்து இறங்கும் கூட்டமும் காலை ஷிஃப்ட்டுக்கு ஏறும் கூட்டமும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். இங்கே 2010இல் ரெனோ-நிசான் கார் செய்ய ஆரம்பித்தது. 2012இல் டெய்ம்லர் லாரி செய்ய வந்தது. 2013இல் ராயல் என்ஃபீல்டு வந்தது. ஏரியும் வயலுமாக இருந்த ஊர் இது.

நான் இறங்கியது காருக்காகவோ லாரிக்காகவோ இல்லை. முட்டையின் வெள்ளைக் கருவைக் கொண்டு போட்டோ அச்சிடுவதைப் பார்க்க.

அழைத்தவர் தேனிப் பக்கத்துத் தம்பி ஒருவர். இங்கே ஓர் ஆலையின் தரப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கூட்டாளிகள் மூன்று பேரோடு கூட்டுரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறார். விடுமுறை நாட்களில் மற்றவர்கள் தூங்க, இவர் மொட்டை மாடிக்கு ஏறிவிடுவார். "அண்ணே, இந்த வேலைக்கு ரெண்டே ரெண்டு சாமான்தாண்ணே முக்கியம். முட்டை, வெயிலு. ரெண்டும் ஒரகடத்துல சல்லிசாக் கிடைக்குது" என்று போனில் சொல்லியிருந்தார்.

முட்டை உண்மையிலேயே சல்லிசுதான். கூட்டுரோட்டுக் கடைகளில் அட்டை அட்டையாக, ஓர் அட்டைக்கு முப்பதாக, ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருக்கிறார்கள். எல்லாம் நாமக்கல்லிலிருந்து லாரியில் வருவது. ஷிஃப்ட் விட்டு வருகிற பசிக்குக் கலக்கியும் ஆஃப் பாயிலும் முட்டை பரோட்டாவும் போட்டுக்கொடுக்கும் தள்ளுவண்டிகள்தான் பெரிய வாடிக்கை. நாங்கள் ஒரு டஜன் வாங்கினோம்.

இந்த முறையை உலகத்துக்குச் சொன்னவர் பிரான்சின் லில் நகரத்துத் துணி வியாபாரி லூயி தெசிரே ப்ளாங்கார்-எவ்ரார். 1850 மே மாதம் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் அதை வைத்தார். அதுவரை தாளில் அச்சிட்ட போட்டோக்கள் உப்புத்தாள் படங்கள். உப்புநீரில் நனைத்த தாளில் வெள்ளி நைட்ரேட் பூசி, நெகட்டிவை மேலே வைத்து வெயிலில் காட்டுவார்கள். படம் தாளின் நாருக்குள் இறங்கிவிடும். அழகாக இருக்கும், ஆனால் மங்கலாக இருக்கும். கோபுரத்துச் சுதைச் சிற்பத்தின் விரலை எண்ண முடியாது. ப்ளாங்கார்-எவ்ரார் செய்தது, தாளுக்கும் வெள்ளிக்கும் நடுவே ஒரு படலத்தைப் போட்டதுதான். உப்புக் கலந்த முட்டை வெள்ளை தாளின் துளைகளை அடைத்து மெருகேற்றிவிடும். படம் நாருக்குள் இறங்காமல் மேலேயே நிற்கும். மறு ஆண்டே ஃப்ரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் கண்ணாடியில் எடுக்கும் கொலோடியன் நெகட்டிவைக் கொண்டுவந்தார். கண்ணாடி நெகட்டிவின் துல்லியமும் முட்டைத் தாளின் துல்லியமும் சேர்ந்ததும், அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு உலகத்தின் பெரும்பாலான போட்டோக்கள் முட்டையில்தான் பிறந்தன.

தம்பி முதல் நாள் இரவே வேலையை ஆரம்பித்தார். முட்டையை உடைத்து வெள்ளையைத் தனியே எடுக்கும்போது அவர் காட்டிய பொறுமை எனக்குப் பிடித்திருந்தது. மஞ்சள் கரு துளியும் கலக்கக் கூடாது. மஞ்சளைப் பிடித்துக்கொண்டிருக்கும் வெள்ளைக் கயிறு போன்ற இழையையும் முள்கரண்டியால் ஒவ்வொன்றாகத் தூக்கிப்போட்டார். ஒரு முட்டைக்குச் சுமார் 30 மில்லி வெள்ளை தேறும். அதில் அமோனியம் குளோரைடும், கொஞ்சம் தண்ணீரும், சில சொட்டு அசெட்டிக் அமிலமும் சேர்த்து, பாத்திரம் முழுக்க நுரையாகும்வரை அடித்தார். நுரையை அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்தால், விடிவதற்குள் அடியில் தேன் நிறத்தில் தண்ணீர் போன்ற திரவம் இறங்கியிருக்கும். வழவழப்பு போய்விடும். அதை மெல்லிய துணியில் வடிகட்டினால் வேலைக்குத் தயார். மிஞ்சிய மஞ்சள் கருவை ஒரு டப்பாவில் போட்டு, தெரிந்த பரோட்டாக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை, தட்டில் ஊற்றிய வெள்ளைமேல் தாளை மிதக்கவிட்டார். கை நிதானம் தெரிவது இந்த இடத்தில்தான். தாளின் இரண்டு எதிர் மூலைகளையும் பிடித்து, நடுப்பகுதியை முதலில் திரவத்தில் தொடவிட்டு, மூலைகளை மெதுவாகத் தாழ்த்த வேண்டும். அடியில் ஒரு குமிழி மாட்டினால் அந்த இடத்தில் படம் விழாது. தாளின் மேற்புறத்தில் ஒரு சொட்டும் ஏறக் கூடாது. இரண்டு மூன்று நிமிடம் மிதந்த பிறகு, ஒரு மூலையைத் தூக்கி ஒரே இழுப்பாக எடுத்துக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். தாளின் விளிம்பில் பிசுபிசுவென்று திரண்ட கடைசித் துளியை விரலால் வழித்துவிட்டார். காய்ந்ததும் தாள் தானாகவே சுருண்டுகொண்டது. முட்டைப் படலம் தாளை இழுத்துப் பிடிப்பதால் வருவது இது. பழைய முட்டைப் படங்கள் பெரும்பாலும் கெட்டி அட்டையில் ஒட்டியே கிடைப்பதற்கும் காரணம் இதுதான்.

பிறகு ஜன்னலை மறைத்த அறையில், மஞ்சள் பல்பு வெளிச்சத்தில், வெள்ளி நைட்ரேட் கரைசலில் தாளை அதேபோல மிதக்கவிட்டார். வெள்ளி பட்டதும் முட்டை வெள்ளை உறைந்து, இனித் தண்ணீரில் கரையாத படலமாகிவிடும்; அதிலிருக்கும் உப்போடு வெள்ளி சேர்ந்து, ஒளி பட்டால் கறுக்கும் வெள்ளி குளோரைடாகும். இந்த ஊர் வெக்கையில் வெள்ளியேற்றிய தாளை அன்றைக்கே அச்சிட்டாக வேண்டும். வைத்திருந்தால் ஒளி படாமலே பழுத்துவிடும். தம்பியின் விரல் நுனிகள் எப்போதும் கறுத்திருப்பதன் காரணம் அப்போது புரிந்தது.

நெகட்டிவ், போனில் எடுத்த படம். கம்ப்யூட்டரில் கறுப்பு வெள்ளையைப் புரட்டி, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் பிரிண்ட் எடுத்திருந்தார். இந்த வட்டாரத்துக்கும் போனுக்கும் பழைய உறவு. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா உற்பத்தி ஆரம்பித்து 2014இல் மூடியது. இப்போது ஐபோன்கள் இங்கிருந்து வெளிநாடு போகின்றன. நெகட்டிவையும் தாளையும் முகத்தோடு முகம் சேர்த்து, மேலே கண்ணாடி போட்டு, சட்டத்தில் இறுக்கிப் பங்குனி வெயிலில் வைத்தோம். இருட்டறையில் டெவலப் செய்யும் வேலையே கிடையாது. வெயிலே படத்தை எழுதும். சட்டத்தின் பின்பலகை இரண்டு பாதியாகத் திறக்கும். ஒரு பாதியைத் திறந்து தாளின் ஓரத்தைத் தூக்கிப் பார்க்கலாம், மறு பாதி நெகட்டிவ் அசையாமல் பிடித்திருக்கும். பத்து நிமிடத்தில் தாள் ஊதாவும் பழுப்புமாக மாறியிருந்தது. தேவைக்கு மேலேயே கறுக்கவிட்டார், ஏனென்றால் பின்னால் கழுவும்போது வெளிறும். முதல் அலசலில் தண்ணீர் பால்போல் வெளுத்தது. மிஞ்சிய வெள்ளி தண்ணீரிலிருக்கும் உப்போடு சேர்ந்து வெளியேறுவதன் அடையாளம் அது. அதன்பின் தங்கக் குளோரைடு கரைசல். சில சொட்டுத் தங்கம் படத்தின் செங்கல் நிறத்தைக் குளிர்ந்த ஊதாப் பழுப்பாக மாற்றுகிறது. வெள்ளியை அரிப்பிலிருந்தும் ஓரளவு காக்கிறது. பிறகு படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ, பிறகு வெகுநேரம் ஓடும் தண்ணீர்.

படத்தில் இருந்தது கூட்டுரோட்டில் கம்பெனிப் பேருந்துக்குக் காத்திருக்கும் பெண்கள். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் கயிற்று மடிப்புகூடத் தெரிந்தது.

இன்று இம்முறையைக் கையிலெடுப்பவர்கள் அதை அரிய கைவினை என்று கொண்டாடுகிறார்கள். தனியொரு கலைஞன், தனியொரு தாள். அந்தக் கொண்டாட்டத்தில் ஒரு பெரிய உண்மை மறைந்துபோகிறது. முட்டைத் தாள் தன் காலத்தில் ஆலைச் சரக்கு. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் அதன் தலைநகராக இருந்தது. அங்கிருந்த ஓர் ஆலை மட்டும் 1888இல் 18,674 ரீம் தாள் செய்தது. ஒரு ரீமில் 480 தாள். ஒரு ரீமுக்கு 9 லிட்டர் வெள்ளை வேண்டும். அதற்கு 27 டஜன் முட்டை. பெருக்கிப் பார்த்தால் அந்த ஆண்டில் அந்த ஓர் ஆலை உடைத்தது 60 லட்சம் முட்டைகளுக்கு மேல். வெள்ளையை நாட்கணக்கில் புளிக்கவிட்டு, அந்த நாற்றத்துக்கு நடுவே நின்று தாளை மிதக்கவிட்டு எடுத்து உலர்த்தினார்கள். மூலைகளைப் பிடித்துக் குமிழியில்லாமல் தாழ்த்தும் வேலையைச் செய்தவர்கள் பெண்கள். தாளுக்குத் தாள், நாள் முழுக்க. லண்டனில் ஒரு சீமாட்டியின் விசிட்டிங் கார்டு அளவு அட்டைப் படத்திலும், மதராஸில் ஒரு துபாஷியின் அதைவிடப் பெரிய கேபினெட் அட்டைப் படத்திலும் யாரோ சில பெண்களின் கை இருந்திருக்கிறது. ஒருவர் பெயரும் எந்த அட்டையிலும் அச்சாகவில்லை. ஸ்டூடியோ முதலாளியின் பெயர் மட்டும் தங்க எழுத்தில் இருக்கும்.

ஒரகடத்தில் நின்று இதை நினைக்காமல் இருக்க முடியாது. 2024 ஆகஸ்டில், ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவே வல்லம் வடகாலில், 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பை அரசு திறந்தது. போன் ஆலைகளில் கண்ணுக்குத் தெரியாத திருகாணிகளைப் பொருத்தும் பெண்கள் அவர்கள். உலகம் இன்று எடுக்கும் கோடானுகோடிப் படங்களில் அவர்கள் கையும் இருக்கிறது.

மதராஸுக்குப் போட்டோ வெகு சீக்கிரமே வந்தது. டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் தொடங்கிய கலைப்பள்ளி இன்று பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கவின்கலைக் கல்லூரியாக இருக்கிறது. 1856இல் அவர் முன்முயற்சியில் மதராஸ் போட்டோகிராஃபிக் சொசைட்டி ஆரம்பமானது. அதே ஆண்டு கம்பெனி அரசு, லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரியை மாகாணத்தின் போட்டோகிராஃபராக நியமித்தது. 1858இல் மதுரை, ஸ்ரீரங்கம், தஞ்சை, புதுக்கோட்டை என்று அவர் எடுத்த படங்கள்தான் நம் கோயில்களின் ஆரம்பகாலப் பெரிய போட்டோத் தொகுப்பு. மெழுகூட்டிய தாளையே அதிகமும் நெகட்டிவாக வைத்துக்கொண்டார். முன்கூட்டியே தயாரித்து வண்டியில் ஏற்றிப்போகலாம். நம் வெக்கையில் ஈரக் கொலோடியன் கண்ணாடி வெகு சீக்கிரம் காய்ந்துவிடும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். கவர்னராக வந்த சர் சார்ல்ஸ் ட்ரெவெல்யன் ட்ரைப்பின் பணியையே வீண் செலவென்று கருதி நிறுத்திவிட்டார். என் கணக்கில் மதராஸ் அரசு செய்த பெரிய நஷ்டங்களில் அதுவும் ஒன்று. ட்ரைப்புக்குப் பின் எட்மண்ட் டேவிட் லயன் 1867-68இல் தென்னாட்டுக் கோயில்களை எடுத்தார். மவுண்ட் ரோடுப் பக்கம் நிக்கோலஸ் முதலான ஸ்டூடியோக்கள் பெருகின. முட்டைத் தாள் கோயிலிலிருந்து வீட்டுக்குள் வந்தது அந்த ஸ்டூடியோக்கள் வழியாகத்தான்.

அதே தாள் வேறொன்றையும் சுமந்தது. 1876 முதல் 1878 வரை மதராஸ் மாகாணத்தைத் தின்ற தாது வருஷப் பஞ்சத்தை வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி படமெடுத்தார். எலும்பும் தோலுமாகிவிட்ட ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் வரிசையாக உட்காரவைத்து எடுத்தவை. அந்தக் காலத்திலேயே அவர்மேல் கண்டனம் எழுந்தது. அவை முட்டைத் தாளில் அச்சாகி ஆல்பங்களுக்குள் போயின. இன்று அயல்நாட்டு நூலகங்களில் இருக்கின்றன. பசியால் செத்துக்கொண்டிருந்தவர்களின் உருவத்தை முட்டையின் சத்தே தாங்கி நிற்கிறது என்பதை அறிந்தபின் அந்தப் படங்களை என்னால் சும்மா பார்க்க முடிவதில்லை. அவர்களில் ஒருவர் பெயரும் எழுதப்படவில்லை. ஒரகடமும் அன்று அதே மாகாணத்தின் செங்கல்பட்டு ஜில்லாவில்தான் இருந்தது. அந்தப் பஞ்சத்தின் தடயமாக, நிவாரண வேலையாக மக்கள் வெட்டிய பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி இன்றும் சென்னைக்குள் இருக்கிறது.

சாயந்திரம் தம்பி என்னை பைக்கில் ஏற்றிக்கொண்டு வல்லக்கோட்டை வழியாகப் போனார். ஆளுயரத்துக்கும் மேல் நிற்கும் முருகனைக் கும்பிட்டுவிட்டு, ஏரிக்கரை ஓரமாக ஓர் ஊருக்குள் நுழைந்தோம். அங்கே ஓட்டு வீடு ஒன்றில் ஓர் ஆயா. நிலத்தில் பெரும்பகுதி ஆலைகளுக்குப் போய்விட, இந்த வீடும் மாமரமும் மிச்சம். அவர் பேரன் தம்பியோடு வேலை பார்க்கிறவர். மரப்பெட்டியிலிருந்து துணி சுற்றிய ஓர் அட்டையை எடுத்துத் தந்தார் ஆயா.

நாலேகால் அங்குலத்துக்கு ஆறரை அங்குல கேபினெட் அட்டை. நாற்காலியில் தலைப்பாகையோடு ஒருவர், பக்கத்தில் அவர் தோளுயரப் பையன். கையிலிருந்த லென்ஸை வைத்துப் பார்த்தேன். தலைமுடி நுணுக்கத்துக்குப் பின்னல் பின்னலாக வெடிப்பு, முட்டைப் படலம் காய்ந்து சுருங்கி விட்ட வெடிப்பு. படலத்துக்கு அடியில் தாளின் நார் தெரிந்தது. வேட்டி இருந்த இடம் வெளுப்பாக இல்லாமல் மஞ்சளாக இருந்தது. இந்த மூன்றும் இருந்தால் அது முட்டைப் படம். பின்னால் வந்த ஜெலட்டின் தாள்களில் நார் தெரியாது. கீழே ஸ்டூடியோ பெயர் இருந்த பட்டையை ராமபாணப் பூச்சி தின்றிருந்தது.

"எங்க மாமனாரோட தாத்தா தம்பி இவரு. கணக்குப்பிள்ளையா இருந்தவரு. பட்டணத்துக்குப் போயி எடுத்தாராம்" என்றார் ஆயா.

"பேரு என்ன ஆயா?"

"கணக்குப்பிள்ளைன்னுதான் சொல்லுவாங்க. பேரு எங்க மாமியாருக்குத் தெரியும். அவங்க போயி முப்பது வருசம் ஆவுது."

பையன் யார் என்பது யாருக்கும் தெரியவில்லை.

அந்த மஞ்சள் தவிர்க்க முடியாதது. முட்டை வெள்ளையிலிருக்கும் புரதமும் அதிலேயே கொஞ்சமாக இருக்கும் சர்க்கரையும் ஆண்டுக்கணக்கில் மெல்ல வினைபுரிகின்றன. தோசை கல்லில் சிவப்பதும் இதே வினைதான். அங்கே நிமிடங்கள், இங்கே ஒரு நூற்றாண்டு. படலத்துக்குள் சிக்கிக் கழுவியும் போகாத வெள்ளியும் சேர்ந்து வெளுப்பைப் பழுப்பாக்குகிறது. ஈரக்காற்று இரண்டையும் துரிதப்படுத்தும். நம் கடற்கரைப் பட்டணங்களில் முட்டைப் படங்கள் கெட்டுப்போனதற்கு அந்தக் காற்று போதும். 1890களில் ஜெலட்டின் தாள்கள் வந்து முட்டையின் காலம் முடிந்தது.

ஆனால் ஆயா வீட்டுப் படத்தில் மஞ்சள் எடுத்துக்கொண்டது வேட்டியை மட்டும்தான். முகம் நன்றாகவே இருக்கிறது. போனது பெயர். அதை எந்த வேதிவினையும் அழிக்கவில்லை, யாரும் எழுதி வைக்காததால் போனது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களையும் குடும்பங்களையும் தேடிப்போய், 1880க்கும் 1980க்கும் இடைப்பட்ட படங்களை டிஜிட்டல் பிரதியெடுத்திருக்கிறது. நல்ல வேலை. ஆனால் ஒவ்வொரு மரப்பெட்டியையும் திறக்க எந்த நிறுவனத்தாலும் முடியாது. திறக்க வேண்டியது நாம்தான்.

உங்கள் வீட்டிலும் இப்படி மஞ்சளடித்த அட்டைப்படம் இருக்கலாம். ஈரத்துணியால் துடைக்காதீர்கள், படலம் உரிந்துவிடும். அட்டையிலிருந்து பிரிக்காதீர்கள், லேமினேஷன் போடாதீர்கள், பூஜை அறைச் சுவரில் வெயில்படும் இடத்தில் மாட்டாதீர்கள். அமிலமில்லாத தாளில் சுற்றி, ஈரம் ஏறாத அலமாரியில் வையுங்கள். ஃப்ளாஷ் இல்லாமல், ஜன்னல் வெளிச்சத்தில் போனில் ஒரு பிரதி எடுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே படத்திலிருப்பவர் ஒவ்வொருவரின் பெயரையும், பெண்களின் பெயரையும் குழந்தைகளின் பெயரையும் சேர்த்துக் கேளுங்கள். அட்டையின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும்.